தீர்மான எண் இல்லாத பேச்சு

2024 அக்டோபர் கடைசியில் நடந்த சென்னை மாநகராட்சி மாமன்றக் கூட்டத்தில், செயற்கைப் புல் விரித்த 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்க ஒரு தீர்மானம் வந்தது. ஆட வருகிறவர் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்ட வேண்டும். பத்துப் பையன்கள் கூடி ஒரு மணி நேரம் பந்து உதைத்தால் 1,200 ரூபாய். இடதுசாரி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் செய்தி பரவி எதிர்ப்பு கிளம்பியதும், ஓரிரு நாளில் திட்டம் கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது.

பையன்களுக்குத் திடல் மிஞ்சியது, நல்லது. ஆனால் அந்தத் தீர்மானம் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு கோப்பில் தொடங்கி, மேசை மேசையாக ஏறி, பொருள் எண் பெற்று, அச்சாகி, உறுப்பினர்களின் கைக்கு வந்த தாள் அது. அந்த நாட்களில் அதைப் படித்துவிட்டு நாலு தெருவுக்குச் சொல்லியிருந்தால், நிறைவேற்றிவிட்டுத் திரும்பப் பெறும் நிலையே வந்திருக்காது. மன்றக் கூட்டம் என்றால் கூச்சல், வெளிநடப்பு, மைக் பிடுங்கல் என்றுதான் செய்தியில் பார்க்கிறோம். முடிவு இருப்பது தாளில். அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வார்டில் நாலு பேர் இருந்தாலே மன்றத்தின் நடத்தை மாறும் என்பது என் உறுதியான நம்பிக்கை. எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையுடையவை. மற்ற மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அடிப்படை இதுவே. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நடைமுறைக்கு வந்தபின் எல்லா ஊருக்கும் ஒரே சட்டம்தான்.

அஜெண்டாவில் எதைப் பார்ப்பது

பொருள் நிரலை மன்ற வட்டாரத்தில் அஜெண்டா என்றே சொல்வார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண், துறையின் ந.க. எண் (அதாவது கோப்பு எண்), தேதி இருக்கும். அதன்கீழ் ஒரு நீண்ட பத்தி. பெரும்பாலும் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே வாக்கியமாக ஓடி, "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது" என்று முடியும். நகராட்சிகளில் அதற்கும் கீழே "அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்" என்று ஒரு வரி நிற்கும். மேலே உள்ள முக்கால் பக்கத்தைப் படிக்காமல் இந்த வரியைப் பார்த்துக் கையைத் தூக்குகிறவர்களால்தான் பாதிக் கேடு.

அந்த நீண்ட பத்தியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். மன்றத்திடம் கேட்கப்படுவது என்ன என்பது கடைசி மூன்று நாலு வரியில்தான் இருக்கும். செலவுக்கு அனுமதியா, டெண்டர் விலைக்கு ஏற்பா, ஏற்கெனவே செய்து முடித்ததற்குப் பின்னேற்பா, அரசுக்குக் கருத்துரு அனுப்ப ஒப்புதலா, வெறும் தகவலா? இந்த ஐந்தும் ஐந்து வேறு விஷயங்கள். செலவுக்கான நிர்வாக அனுமதிக்கு வந்த பொருளில் "இந்த வேலையே வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கிறது. அதே வேலை டெண்டர் ஏற்புக்கு வரும்போது அதைச் சொன்னால், "போன கூட்டத்திலேயே நிறைவேறிவிட்டதே" என்ற பதில் காத்திருக்கும். சாலையோ, பூங்காவோ, கழிப்பறைப் பராமரிப்போ, ஒரு திட்டம் மன்றத்துக்கு இரண்டு மூன்று முறை வெவ்வேறு முகத்தோடு வரும். முதல் முகத்தில் பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்க முடியாது.

அடுத்து, பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது. நகராட்சிகளில் வருவாய் நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதி என்று பிரிந்திருக்கும். சொந்த நிதியில் நடக்கும் வேலையில் மன்றத்துக்கு முழு உரிமை. மாநில, மத்தியத் திட்ட நிதியாக இருந்தால், வேலையின் வகை, இடம், காலக்கெடு எல்லாம் திட்ட வழிகாட்டுதலில் முன்பே கட்டப்பட்டிருக்கும். அங்கே மன்றம் மாற்றக்கூடியது குறைவு. எதில் வாதாடினால் பலன் உண்டு என்பதை நிதியின் பெயர் என்ற இந்த ஒரு சொல்லே காட்டிவிடும்.

எஸ்டிமேட் தொகையை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் தார் சாலை போட வேண்டும், நீளம் 250 மீட்டர், அகலம் 6 மீட்டர், கனம் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 60 கன மீட்டர். உருளை ஓட்டி இறுகிய தார்க்கலவை ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.3 டன் எடை. ஆக 140 டன் அளவுக்குக் கலவை வர வேண்டும். 10 டன் லாரியென்றால் 14 நடை. தாளில் 40 மில்லிமீட்டர் என்று இருந்து, தெருவில் எட்டு நடை இறங்கியிருந்தால் மீதிக் கனம் தரையில் இல்லை. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும் என்பது 2021 முதல் அரசின் உத்தரவு. ஆகவே எஸ்டிமேட்டில் சுரண்டும் வேலைக்குத் தனி வரி இருக்கிறதா, அதன் பரப்பும் சாலையின் பரப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 250 மீட்டர் சாலைக்கு 100 மீட்டர்தான் சுரண்டல் என்றால், மீதி 150 மீட்டரில் வீட்டு வாசல்படி 4 சென்டிமீட்டர் தாழும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அந்தத் தெருக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே தெருவின் பெயர் அடுத்தடுத்த பொருள்களில் வந்தால் நின்று படியுங்கள். ஆணையர் தாமே அனுமதிக்கும் தொகைக்கு ஒரு வரம்பு, துறைவாரியாக உறுப்பினர்கள் கூடும் நிலைக்குழுவுக்கு ஒரு வரம்பு, அதற்கு மேல் மன்றம் என்று படிநிலை இருக்கிறது. அந்த வரம்புக்கு அடியில் நிற்கும்படி ஒரு வேலையை மூன்று துண்டாக நறுக்குவது பழைய வழக்கம். மூன்று துண்டின் தொகையும் வரம்புக்குச் சற்றே கீழே, தேதியும் ஒன்று என்றால் அது துண்டு போட்டதுதான். தெருப் பெயரை "பிரதான சாலை", "பிரதான சாலை தொடர்ச்சி", "பிரதான சாலை குறுக்கு" என்று மாற்றி எழுதியிருப்பார்கள். உள்ளூர்க்காரர் கண்ணுக்கு மட்டுமே இது தெரியும்.

டெண்டர் பொருள்களில் தேதியும் சதவீதமும்தான் முக்கியம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் கொடுக்க வேண்டும். குறைத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பொருளில் இரண்டு தேதியும் கொடுத்திருந்தால் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு தேதி இல்லாவிட்டால் அதைக் கேட்பதே நல்ல கேள்வி. விலையை "மதிப்பீட்டைவிட இத்தனை சதவீதம் கூடுதல்" அல்லது "குறைவு" என்று போட்டிருப்பார்கள். பேச்சுவார்த்தை நடத்துவதானால் மிகக் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டுமே நடத்தலாம் என்பது சட்டம். வந்தவை எத்தனை டெண்டர், தள்ளுபடியானவை எத்தனை, ஏன் என்று பொருளில் இல்லாமல் "குறைந்த விலைப்புள்ளி ஏற்கப்படுகிறது" என்று மட்டும் இருந்தால், அந்தக் குறைந்த விலைக்குப் போட்டி இருந்ததா என்றே தெரியாது. மதிப்பீட்டைவிட 25 அல்லது 30 சதவீதம் குறைத்துக் கேட்ட டெண்டரைப் பார்த்து மகிழவும் வேண்டாம். அந்தக் குறைவு பெரும்பாலும் சிமெண்டிலும் கம்பியிலும்தான் கழியும். ஒப்பந்த வேலைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாகச் சேரும். அது தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பார்க்காமல் இரண்டு வேலைகளின் செலவை ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

பின்னேற்பு பற்றி ஒரு சொல். "அவசர அவசியம் கருதி, மேயரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணிக்கு" என்று தொடங்கும் பொருள்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கும். அவசரம் என்பது உண்மையிலேயே உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஒரு சுரங்கப்பாதை மூழ்கினால் மன்றம் கூடும்வரை மோட்டார் வைக்காமல் இருக்க முடியாது. நிவாரண முகாமுக்குச் சோறு போடத் தீர்மானம் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. இந்தச் செலவெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான கூட்டங்களில் மொத்தமாக வந்து சேரும். அங்கே மோட்டாரின் குதிரைத்திறன், எத்தனை மோட்டார், எத்தனை நாள், நாள் வாடகை எவ்வளவு, டீசல் வாடகையில் அடங்குமா என்று ஐந்தையும் தேட வேண்டும். மழையே பெய்யாத நாளுக்கும் வாடகை எழுதியிருக்கிறதா என்பதை வானிலை மையத்தின் மழை அளவோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பூங்கா இருக்கைக்கு வண்ணம் அடித்ததும், அலுவலகத்துக்கு நாற்காலி வாங்கியதும் அவசர அவசியத்தில் வரும்போது மன்றம் கேள்வி கேட்டே ஆக வேண்டும். நடந்து முடிந்த செலவைத்தானே கேட்கிறார்கள் என்று விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு டெண்டரே இல்லாத வேலைகள் பெருகும்.

இன்னும் மோசமானது மேசைப் பொருள். அஜெண்டாவோடு அனுப்பாமல், கூட்டம் தொடங்கும்போது உறுப்பினர் மேசையில் வைக்கப்படும் கூடுதல் தாள். எண்பது பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து யார் படிக்க முடியும்? இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பெருந்தொகை, நிலம், குத்தகை, தனியார் ஒப்படைப்பு சம்பந்தப்பட்ட எதுவும் மேசைப் பொருளாக வந்தால் அதை ஒத்திவைக்கும்படி கேட்பதுதான் உறுப்பினரின் கடமை. எதிர்ப்பதற்குக் காரணம் தெரிய வேண்டும். ஒத்திவைக்கக் கேட்க, படிக்க நேரம் கொடுக்கவில்லை என்பதே போதிய காரணம்.

கூட்டத்தின் போக்கு

சென்னை மன்றத்தில் கூட்டம் தொடங்கியதும் கேள்வி நேரம், பிறகு நேரமில்லா நேரம், கடைசியில் தீர்மானங்கள். இந்த வரிசையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. உறுப்பினர்களின் தெம்பும் நிருபர்களின் கவனமும் முதல் இரண்டிலேயே தீர்ந்துவிடும். பணமும் நிலமும் இருக்கும் மூன்றாம் பகுதி, "பொருள் எண் இன்னது முதல் இன்னது வரை நிறைவேற்றப்பட்டன" என்று கட்டுக்கட்டாகப் போய்விடும்.

நேரமில்லா நேரத்தில் "வணக்கத்திற்குரிய மேயர் அவர்களே" என்று தொடங்கி ஒருவர் ஐந்து நிமிடம் தம் வார்டின் குறைகளைக் கொட்டுகிறார். கழிவுநீர் தெருவில் ஓடுகிறது, குடிநீரில் வாடை அடிக்கிறது, மின்பெட்டி திறந்து கிடக்கிறது. மேயர் அதிகாரிகளைப் பார்த்து நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார். கைதட்டல். ஆனால் சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்தின் கையில் இருக்கின்றன. மின்பெட்டி மின்வாரியத்துடையது. பெரிய சாலைகளில் பல நெடுஞ்சாலைத் துறையுடையவை. பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையுடையது. அடுக்குமாடிக்கு அனுமதி பெரும்பாலும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில். இந்த அமைப்புகளிடம் மன்றம் கேட்டுக்கொள்ளலாம், உத்தரவிட முடியாது. மற்ற மாநகராட்சிகளில் குடிநீர் மன்றத்தின் பொறுப்பிலேயே இருப்பதால் அங்கே அதே பேச்சுக்கு எடை கூடுதல். குறையைச் சொல்லும் முன் அது யாருடைய சொத்து என்று தெரிந்துகொண்டால் பாதிப் பேச்சு மிச்சமாகும். வேறு துறையுடையது என்றால், அந்தத் துறைக்குக் கடிதம் எழுதும்படி மன்றமே தீர்மானமாகப் போடக் கேட்க வேண்டும். அப்போது அதற்கு எண் கிடைக்கும், எண் இருந்தால் பதில் கேட்கலாம். எண் இல்லாத பேச்சு அன்று மாலையே கரைந்துவிடும்.

கேள்வி நேரத்திலும் இதே கதைதான். "எங்கள் வார்டில் தெருவிளக்கு எரிவதில்லையே, எப்போது சரிசெய்வீர்கள்?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற பதில் தயாராக இருக்கும். அதற்குப் பதிலாக, "ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை இந்த வார்டில் பதிவான தெருவிளக்குப் புகார்கள் எத்தனை, இரண்டு நாளுக்கு மேல் தீராமல் கிடந்தவை எத்தனை, பராமரிப்பு ஒப்பந்ததாரருக்கு இந்தக் காலத்தில் விதித்த அபராதம் எவ்வளவு?" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், மின்பிரிவில் ஒருவர் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டியாக வேண்டும். மூன்றாவது எண் பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கும், துணைக்கேள்வி அங்கிருந்து பிறக்கும். எத்தனை, எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று கேட்கும் கேள்விக்குத்தான் தப்ப முடியாத பதில் வரும்.

வெளிநடப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2022 தேர்தலில் சென்னையின் 200 இடங்களில் தி.மு.க. 153, அ.தி.மு.க. 15, காங்கிரஸ் 13. இந்த எண்ணிக்கையில் எதிர்த்து ஓட்டுப் போட்டு எந்தத் தீர்மானத்தையும் வீழ்த்த முடியாது. முடியாது என்பதற்காக எழுந்து வெளியே போனால், பின்னால் நிறைவேறும் அறுபது தீர்மானங்களும் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியதாகப் பதிவாகும். வாசலில் கொடுத்த பேட்டி செய்தியாகும், நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது. அதைவிட, "பொருள் எண் இத்தனைக்கு, இன்ன காரணத்தால் என் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும்" என்று சொல்லி, அதையே ஒரு தாளில் எழுதி மன்றச் செயலரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது பலமடங்கு வலிமையானது. நாளை அந்தத் தீர்மானம் நீதிமன்றத்துக்கோ தணிக்கைக்கோ போனால் அந்தத் தாள் பேசும். ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் இந்த உரிமை உண்டு. கட்சிக் கட்டுப்பாட்டுக்காக வாக்களித்துவிட்டாலும், நிபந்தனையை எழுதிக் கொடுக்க யாரும் தடுப்பதில்லை.

தீர்மானங்கள் நீதிமன்றத்துக்குப் போவது அரிதும் இல்லை. இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-ஆம் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்கு விடும் தீர்மானம் 2025 ஜூனில் நிறைவேறியது. ஆகஸ்டு 1 முதல் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்படும்வரை அங்கேயே இருந்தார்கள். தீர்மானத்தை எதிர்த்துத் தொழிற்சங்கம் உயர்நீதிமன்றம் போனது. ஆண்டாண்டாகத் தெருவைக் கூட்டியவர்களின் வேலையும் சம்பளமும் என்ன ஆகும் என்ற கேள்வி, தீர்மானம் படிக்கப்பட்ட அன்றே மன்றத்துக்குள் மணிக்கணக்கில் பேசப்பட்டிருக்க வேண்டியது. ஒப்பந்தப் பொருளில் தொகையும் ஆண்டும் எழுதியிருக்கும். பழைய தொழிலாளர்களின் நிலை, அவர்கள் கடைசியாக வாங்கிய சம்பளம், புதிய நிறுவனத்தில் அவர்களுக்கு எந்தப் பதவிப் பெயர், வேலைநீக்கத்துக்கு யார் பொறுப்பு என்ற நாலு வரிகள் இல்லாவிட்டால் அந்தப் பொருள் முழுமையாகவில்லை என்று ஒத்திவைக்கச் சொல்லலாம்.

சொத்து வரியில் மன்றத்துக்கு என்ன உரிமை

மக்கள் அதிகம் கோபப்படும் தீர்மானம் இதுதான், ஆனால் மன்றத்துக்கு அதிகாரம் மிகக் குறைவாக உள்ள தீர்மானமும் இதுதான். 2022-இல் வரி உயர்ந்தபோது சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று வந்தது. 2011-இல் இணைந்த பகுதிகளுக்கு அதே வரிசையில் 25, 50, 75, 100. இந்த எண்களை மன்றம் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. அரசு அறிவித்தது. அரசுக்கும் பின்னால் 15-ஆவது நிதி ஆணையத்தின் நிபந்தனை இருந்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சியோடு சேர்த்து உயர்த்தி வந்தால்தான் நகர்ப்புற மானியம் என்றது ஆணையம். 2024 செப்டம்பரில் ஆண்டுதோறும் 6 சதவீத உயர்வு என்ற தீர்மானம் வந்ததும் இந்தத் தொடர்ச்சிதான்.

ஆகவே "வரியை ரத்து செய்" என்ற முழக்கத்தால் மன்றத்தில் ஆகக்கூடியது இல்லை. ஆனால் மன்றத்தின் கைக்குள் இருக்கிற வேறு சில விஷயங்களை யாரும் கேட்பதில்லை. எந்தத் தெரு எந்த அடிப்படை மதிப்பு வகையில் வருகிறது, அடுத்தடுத்த இரண்டு தெருக்களுக்கு ஏன் வேறு வேறு மதிப்பு, தவறாக அளந்த வீட்டை மறு அளவீடு செய்ய எத்தனை நாள், வணிக வளாகமாக மாறியும் குடியிருப்பு வரியே கட்டும் கட்டடங்கள் வார்டில் எத்தனை? கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட ஒரு மன்றம், ஏழை வீட்டின் மேல் கை வைக்காமலே வருவாயைக் கூட்டிவிட முடியும். பொது உயர்வுக்கு முதலில் உத்தேசத் தீர்மானம், பிறகு ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு, அதன் பிறகே இறுதித் தீர்மானம். நடுவில் உள்ள அந்த நாட்களில் எழுத்தில் போன ஆட்சேபணைக்கு மட்டுமே கணக்கு உண்டு. எழுதும்போது சொத்து வரி எண், சதுர அடி, பழைய அரையாண்டு வரி, புதிய அரையாண்டு வரி நான்கும் இருக்க வேண்டும். "மிகவும் அதிகம்" என்று மட்டும் எழுதினால் அது ஆட்சேபணைகளின் எண்ணிக்கையில் ஒன்றாக நின்றுவிடும்.

கூட்டத்துக்கு முன், கூட்டத்துக்குப் பின்

ஒரு கோரிக்கை மன்றத்துக்கு வரும் நேரான வழி கீழிருந்துதான். 2022-இல் வந்த விதிப்படி ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன்கீழ் பகுதி சபைகள் உண்டு. சென்னையில் ஒரு வார்டை 10 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பகுதி சபை கூட வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக்கு முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அன்றிருந்த வேகம் எல்லா வார்டிலும் நீடிக்கவில்லை. பல இடங்களில் அறிவிப்பு முதல் நாள் மாலைதான் வருகிறது, வருகிறவர்களும் ஏற்கெனவே கட்சி வட்டாரத்தில் இருப்பவர்கள். ஆனாலும் விடக் கூடாத இடம் இது. பகுதி சபையில் எழுதி வாங்கிய கோரிக்கை வார்டு குழுவுக்கும், அங்கிருந்து மண்டலக் குழுவுக்கும், பிறகு மன்றத்துக்கும் போகும்போது அதற்கு வயதும் எண்ணும் ஏறியிருக்கும். கவுன்சிலர் வீட்டு வாசலில் கொடுத்த மனுவுக்கு அது இல்லை.

கோரிக்கையை எழுதுவதிலும் முறை இருக்கிறது. ஒரு தாளில் ஒரு வேலை மட்டும். மூன்று வேலை எழுதினால் மூன்று பிரிவுக்குப் போக வேண்டியது ஒரு பிரிவில் தங்கிவிடும். தெருப் பெயர், எந்தக் கதவு எண் முதல் எந்தக் கதவு எண் வரை, தோராய நீளம், தேதியோடு புகைப்படம். மழைநீர் வடிகால் கேட்டால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதோடு, அது போய்ச் சேர வேண்டிய பெரிய வடிகால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதையும் எழுத வேண்டும். சேருமிடம் இல்லாத வடிகால் என்பது நீளமான தொட்டி மட்டுமே. சென்னையில் அப்படிக் கட்டி, கொசு வளர்த்த வடிகால்கள் உண்டு. ஜனவரிக்குள் வந்த கோரிக்கைதான் மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்துக்குள் இடம் பிடிக்கும். மே மாதத்தில் கேட்டால் அடுத்த ஆண்டுதான்.

சென்னையில் கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், நகரமைப்பு, பணிகள், வரிவிதிப்பும் நிதியும் என்று நிலைக்குழுக்கள் இருக்கின்றன. செய்தியாளர்கள் எட்டிப் பார்க்காத இடங்கள் இவை. மன்றத்தில் ஐந்து நிமிடம் பேசும் உறுப்பினர் இங்கே அரை மணி நேரம் அதிகாரியோடு வாதாடலாம், எஸ்டிமேட் கோப்பையே கேட்டுப் பார்க்கலாம். உங்கள் கோரிக்கை எந்தக் குழுவின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொண்டு, அந்தக் குழுவில் இருக்கும் உறுப்பினரிடமும் ஒரு நகலைக் கொடுங்கள், அவர் வேறு கட்சியாக இருந்தாலும் சரி. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் 2023-இல்தான் அறிவிக்கப்பட்டது. உதவியாளரோ ஆராய்ச்சியாளரோ வைத்துக்கொள்ள அவர்களால் முடியாது. ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிய குறிப்பு அவர்களுக்குப் பேருதவி.

மன்றமே இல்லாத காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி 19-இல்தான் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் தாமே பொருள் வைத்து, தாமே தீர்மானம் எழுதினார்கள். கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. இன்று மன்றத்தில் நடக்கும் இரைச்சலைப் பார்த்து "இதற்கு அதிகாரியே தேவலாம்" என்று சொல்கிறவர்கள், அந்த ஆண்டுகளின் தீர்மானங்களை வாங்கிப் படிக்க வேண்டும்.

வாங்கவும் முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மன்றங்களின் கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதைத் தானாகவே வெளியிடச் சொல்கிறது. இணையத்தில் இல்லாவிட்டால் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "எல்லாத் தீர்மானங்களும் வேண்டும்" என்று கேட்டால் பக்கக் கணக்கு போட்டுப் பெருந்தொகை கட்டச் சொல்வார்கள், பக்கத்துக்கு 2 ரூபாய். கூட்டத் தேதி, தீர்மான எண், அதன் ந.க. எண் மூன்றையும் குறிப்பிட்டு, அந்தக் கோப்பின் மதிப்பீடு, பணி ஆணை, நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளமும் தெருவில் டேப் வைத்து அளந்த நீளமும் ஒத்துப்போகாவிட்டால், அதைக் கவுன்சிலர் கையில் கொடுத்து அடுத்த கேள்வி நேரத்துக்கு அனுப்பலாம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு சிறு பொருள் இருக்கும். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்தல். அரை நிமிடத்தில் முடிந்துவிடும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சென்ற முறை கொடுத்த எதிர்ப்பு அதில் ஏறியிருக்கிறதா, "ஒத்திவைக்கப்பட்டது" என்று சொன்ன பொருள் "அனுமதிக்கப்பட்டது" என்று மாறியிருக்கிறதா, பேச்சில் ஒப்புக்கொண்ட நிபந்தனை தீர்மான வாசகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, தவறு இருந்தால் கை தூக்க வேண்டிய இடம் அந்த அரை நிமிடம்தான். கவுன்சிலருக்கு முந்தின நாள் இரவு ஒரு போன் போட்டு அதை நினைவுபடுத்துங்கள்.